கம்ப்யூட்டரும் மோடமும் சண்டை போடுவது ஏன்?

இரண்டு எந்திரங்கள். இரண்டும் நல்ல எந்திரங்கள். விலை கொடுத்து வாங்கியவை. இரண்டுக்கும் நடுவே ஒரு வயர்.

ஆனால் பேச்சுவார்த்தை இல்லை!

ஒன்று பேசுகிறது. மற்றொன்று காது கேளாதது போல் சும்மா இருக்கிறது. அல்லது, அது ஒன்று சொல்ல, இது வேறொன்றை எழுதுகிறது. எந்திரத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள். வயரைப் பிடுங்கி மறுபடியும் மாட்டுகிறார்கள். "சரக்கு மட்டம்" என்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள்.

உண்மையில், எந்திரத்தின் மேல் குற்றம் இல்லாமலே இப்படி நடப்பது உண்டு. இரண்டும் ஒரே ஒழுங்குக்கு வரவில்லை, அவ்வளவுதான். அந்த ஒழுங்கைச் சொல்லிக் கொடுக்கவேண்டியவன் மனிதன். அவனுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை!

அதைச் சொல்லிக் கொடுக்கவேண்டும். அதுவும் தமிழில் சொல்லிக் கொடுக்கவேண்டும். முசிறி போன்ற ஊர்களுக்கு இது அவசியமான காரியம்.

மோடம் என்பது என்ன?

தொலைபேசிக் கம்பி மனிதனின் குரலுக்காகப் போடப்பட்டது. கம்ப்யூட்டருக்குக் குரல் கிடையாது. அதற்குத் தெரிந்தவை இரண்டே இரண்டு. ஒன்று, பூஜ்யம்.

கம்ப்யூட்டரின் ஒன்றையும் பூஜ்யத்தையும் ஒலியாக மாற்றிக் கம்பியில் அனுப்பும் கருவிதான் மோடம். மறுமுனையில் இருக்கும் இன்னொரு மோடம், அந்த ஒலியைத் திரும்பவும் ஒன்று, பூஜ்யமாக மாற்றிக் கொடுக்கும்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ந் தேதி. வி.எஸ்.என்.எல். என்ற அரசு நிறுவனம் அதைக் கொண்டுவந்தது. அன்று வீட்டில் இன்டர்நெட் வேண்டும் என்றால், மோடம் வேண்டும். அது "கீ...ங், கர்ர்ர்" என்று சத்தம் போட்டு மறுமுனையைக் கூப்பிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

குளித்தலையில் ஒரு பாடம்

முசிறிக்கு நேர் எதிரே, காவிரியின் தென்கரையில் இருப்பது குளித்தலை. பாலத்தைக் கடந்தால் ரெயில் நிலையம். திருச்சி-ஈரோடு ரெயில் பாதை அந்த வழியாகப் போகிறது.

ரெயில்வேக்காரர்கள் வாயில் அடிக்கடி வரும் சொல் ஒன்று உண்டு. "லைன் கிளியர்!"

ஒற்றைத் தண்டவாளப் பாதையில், ஒரு நிலையத்து அதிகாரி தன் இஷ்டத்துக்கு வண்டியை அனுப்பிவிட முடியாது. அடுத்த நிலையத்தைக் கேட்கவேண்டும். "வண்டி அனுப்பலாமா?" என்று இங்கிருந்து கேள்வி. "அனுப்பலாம்" என்று அங்கிருந்து பதில். பதில் வந்த பிறகே வண்டி புறப்படும். பதில் வராவிட்டால், எவ்வளவு பெரிய எக்ஸ்பிரஸ் வண்டியாக இருந்தாலும் நிற்கவேண்டியதுதான்!

கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் நடுவே இருக்கும் வயரிலும் இதே லைன் கிளியர்தான் நடக்கிறது.

பேசுவதற்கு இரண்டு! மரியாதைக்கு ஆறு!

அந்த வயரின் முனையில் ஒன்பது ஊசிகள் இருக்கும். இந்த முறைக்கு ஆர்.எஸ்.-232 என்று பெயர். 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இதை வகுத்தார்கள். முதலில் வழக்கத்தில் இருந்தது 25 ஊசிச் செருகி. ஐ.பி.எம். கம்பெனி 1984ஆம் ஆண்டில் கொண்டுவந்த கம்ப்யூட்டரில் ஒன்பது ஊசிச் செருகி வந்தது. பிறகு அதுவே எங்கும் பரவியது.

ஒன்பது ஊசிகளும் என்ன செய்கின்றன?

2வது ஊசி, கம்ப்யூட்டரின் காது. 3வது ஊசி, கம்ப்யூட்டரின் வாய். பேச்சு முழுவதும் இந்த இரண்டில்தான். 5வது ஊசி, இரண்டு எந்திரங்களுக்கும் பொதுவான தரை.

மீதி ஆறு ஊசிகளும் பேசுவதற்கு அல்ல. பேசும் முன்னும், பேசும்போதும் காட்டவேண்டிய மரியாதைக்கு!

4வது ஊசியில் கம்ப்யூட்டர் சொல்கிறது: "நான் தயார்." இதற்கு டி.டி.ஆர். என்று பெயர்.

6வது ஊசியில் மோடம் சொல்கிறது: "நானும் தயார்." இது டி.எஸ்.ஆர்.

7வது ஊசி ஆர்.டி.எஸ். முதலில் இது "அனுப்பலாமா?" என்று கேட்பதற்காக ஏற்பட்டது. பின்னாளில், "என்னிடம் இடம் இருக்கிறது, நீ அனுப்பு" என்று கம்ப்யூட்டர் மோடத்துக்குச் சொல்லும் ஊசியாகப் பயன்பட்டது.

8வது ஊசி சி.டி.எஸ். "அனுப்பலாம்" என்று மோடம் தரும் லைன் கிளியர் இது.

1வது ஊசி டி.சி.டி. "எதிர்முனை மோடம் கிடைத்துவிட்டது" என்று மோடம் தெரிவிக்கும்.

9வது ஊசி, "மணி அடிக்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள்" என்ற தகவல்.

பேசுவதற்கு இரண்டு ஊசி. மரியாதைக்கு ஆறு ஊசி. மனிதர்கள் கூடிப் பேசும் இடங்களிலும் இந்தக் கணக்கு இருந்தால் பல சண்டைகள் வராது!

மடை திறப்பது போல

இவ்வளவு மரியாதை எதற்கு? பேச வேண்டியதைப் பேசிவிட்டுப் போகலாமே?

காவிரிக் கரையில் வாழும் விவசாயிக்கு இதை விளக்கத் தேவை இல்லை. வாய்க்காலில் தண்ணீர் வேகமாக வருகிறது. வயல் சிறியது. வயல் நிறைந்ததும் மடையை அடைக்கவேண்டும். அடைக்காவிட்டால் வரப்பு உடையும். தண்ணீர் வீண்.

கம்ப்யூட்டரிலிருந்து மோடத்துக்கு வினாடிக்கு 57,600 துணுக்கு வேகத்தில் செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசிக் கம்பியில் போகக்கூடிய வேகம் 28,800 மட்டும். பாதிதான் வெளியே போகும். மீதி மோடத்துக்குள் ஒரு சிறு தொட்டியில் சேரும். தொட்டி நிறையும் நேரம் பார்த்து, மோடம் 8வது ஊசியைக் கீழே இறக்கும். "போதும், நிறுத்து!" என்று அதற்குப் பொருள். கம்ப்யூட்டர் நிறுத்தவேண்டும். தொட்டி வடிந்ததும் ஊசி மேலே ஏறும். மறுபடியும் பேச்சு தொடங்கும்.

அந்த ஊசிக்குப் போகும் வயர் அறுந்திருந்தால்? அல்லது, "அந்த ஊசியைக் கவனிக்காதே" என்று கம்ப்யூட்டருக்கு யாராவது சொல்லி வைத்திருந்தால்?

மடை அடைக்க ஆள் இல்லை! தொட்டி வழியும். எழுத்துக்கள் காணாமல் போகும். அனுப்பியவனுக்கும் தெரியாது. வாங்கியவனுக்கும் தெரியாது.

நாலே நாலு விஷயம்

மரியாதை சரியாக இருந்தும் சில சமயம் பேச்சு புரிவதில்லை. அதற்குக் காரணம் வேறு.

இந்த வயரில் எழுத்துக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும். கோவில் வாசலில் வரிசை நிற்பது போல. வரிசையை எப்படி எண்ணுவது என்பதில் இரு தரப்பும் நாலு விஷயங்களில் ஒத்துப்போக வேண்டும்.

முதலாவது, வேகம். ஒருவர் 9,600 வேகத்தில் பேசி, மற்றவர் 2,400 வேகத்தில் கேட்டால், வருவது பேச்சு அல்ல; கிறுக்கல்.

இரண்டாவது, ஒரு எழுத்துக்கு எத்தனை துணுக்கு? ஏழா, எட்டா?

மூன்றாவது, பிழை பார்க்கும் துணுக்கு உண்டா, இல்லையா? உண்டு என்றால், ஒற்றைக் கணக்கா, இரட்டைக் கணக்கா? இது மூட்டையை எண்ணிச் சீட்டில் எழுதுவது போன்றது. ஒரு துணுக்கு மாறினால் கண்டுபிடித்துவிடும். இரண்டு துணுக்கு மாறினால் ஏமாந்துபோகும்.

நான்காவது, எழுத்து முடிந்தது என்பதற்கு அடையாளம் ஒன்றா, இரண்டா?

இதில் ஒன்று தவறினாலும் வம்புதான். "முசிறி" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கு மூன்று எழுத்து. இன்று இணையத்தில் வழங்கும் யு.டி.எப்.-8 முறையில் அது 18 எண்களாகப் போகிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் எட்டுத் துணுக்கு. தொடக்க அடையாளம் ஒன்று, முடிவு அடையாளம் ஒன்று சேர்த்தால் பத்து. ஆக மொத்தம் 180 துணுக்குகள். 9,600 வேகத்தில், ஒரே வினாடியில் "முசிறி, முசிறி" என்று 53 தடவை சொல்லிவிடலாம்!

ஆனால் அந்த வயரை ஏழு துணுக்குக்கு வைத்துப் பாருங்கள். ஆங்கில எழுத்து தப்பிப் பிழைக்கும். அதற்கு ஏழு துணுக்கு போதும். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தேறாது! முசிறி முசிறியாகப் போய்ச் சேராது. "இந்த எந்திரத்துக்குத் தமிழ் வராது" என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். எந்திரத்துக்குத் தமிழ் வரும். வைத்த கணக்குத்தான் தவறு.

போனை வைக்க மறந்த மோடம்

1981ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டென்னிஸ் ஹேய்ஸ் என்பவரின் கம்பெனி ஒரு புது மோடத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கம்ப்யூட்டர் எழுத்து மூலமாகவே அந்த மோடத்துக்குக் கட்டளை இடலாம். ஒவ்வொரு கட்டளையும் "ஏ.டி." என்று தொடங்கும். "கவனி!" என்று பொருள். கட்டளை புரிந்தால் மோடம் "ஓ.கே." என்று பதில் சொல்லும். பிறகு வந்த மோடம்கள் இதையே பின்பற்றின.

அந்தக் கட்டளைகளில் ஒன்று, 4வது ஊசியைப் பற்றியது. கம்ப்யூட்டர் "நான் தயார்" என்று சொல்வதை நிறுத்திவிட்டால் மோடம் என்ன செய்யவேண்டும்? அந்தக் கட்டளையின் கடைசியில் 2 என்று போட்டால், "உடனே போனை வை" என்று அர்த்தம். பூஜ்யம் போட்டால், "அதைக் கவனிக்காதே" என்று அர்த்தம்.

2க்குப் பதில் பூஜ்யம் இருந்தால் நடப்பது என்ன?

வேலை முடிந்தது. பையன் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகிறான். மோடம் மட்டும் போனை வைக்காமல் பிடித்துக்கொண்டே இருக்கும். எதிர்முனை வைக்கும்வரை தொலைபேசிக் கட்டணம் ஓடும். மாதக் கடைசியில் பில் வரும். அப்பா பையனைத் திட்டுவார். பையன் "நான் அப்போதே நிறுத்திவிட்டேன்" என்பான். இருவர் சொல்வதும் உண்மை! ஒரு எண் செய்த வேலை அது.

"அதெல்லாம் பழங்கதை" என்பவர்களுக்கு

"இப்போது ஏது அந்த மோடம்? கண்ணாடி நார் வந்துவிட்டது. கைபேசி வந்துவிட்டது. பழைய ஒன்பது ஊசியைக் கட்டிக்கொண்டு அழுவானேன்?" என்று கேட்பவர்கள் உண்டு.

கேள்வி நியாயமானது. பதிலும் உண்டு.

தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தே கைபேசியில் போடுகிறாரே விவசாயி, அந்தப் பெட்டிக்குள் இருப்பது என்ன? ஒரு சிறு கம்ப்யூட்டர். ஒரு சிறு கைபேசி மோடம். இரண்டுக்கும் நடுவே அதே வரிசைப் பேச்சு. அந்தச் சிறு மோடமும் "ஏ.டி." என்று தொடங்கும் கட்டளைக்குத்தான் பதில் சொல்கிறது. 1981ஆம் ஆண்டின் பாஷை இன்றும் வாழைத் தோட்டத்தில் பேசப்படுகிறது!

லாரியோடு எடை போடும் எடை மேடையைப் பாருங்கள். கடையில் இருக்கும் எலெக்ட்ரானிக் தராசைப் பாருங்கள். எடையைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் வயர் பல இடங்களில் இன்னும் அதே ஆர்.எஸ்.-232தான்.

இங்கேதான் விஷயம் பெரிதாகிறது. இன்டர்நெட்டில் ஒரு எழுத்து போனால், மறுபடியும் கேட்டு வாங்கலாம். தராசிலிருந்து வரும் எண்ணில் ஒரு இலக்கம் போனால்? 1,250 கிலோ 125 கிலோ ஆகிவிடும்! நஷ்டம் யாருக்கு? மூட்டையைச் சுமந்துகொண்டு வந்தவருக்கு. நல்ல புரோகிராம் எழுதியவர் இதற்குக் காவல் போட்டிருப்பார். எல்லாரும் போட்டிருப்பார்கள் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே, தராசின் முகத்தில் தெரியும் எண்ணும் சீட்டில் அச்சாகும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்து வாங்குவது விற்பவரின் உரிமை. அப்படிக் கேட்பதில் வெட்கம் வேண்டியது இல்லை.

மேலூர் காட்டிய வழி

கிராமத்து மக்களுக்கு இதெல்லாம் வருமா என்று சந்தேகப்படுகிறவர்கள், மதுரை மாவட்டம் மேலூரை நினைத்துப் பார்க்கவேண்டும்.

சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய குழுவினரும் "கார்டெக்ட்" என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கினார்கள். ஒரு கோபுரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தூரம் வரை வீடுகளுக்குத் தொலைபேசி கொடுக்கலாம். வீட்டுச் சுவரில் மாட்டும் பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வரிசை வயர். தனியாக மோடம் தேவை இல்லை. வினாடிக்கு 35,000 அல்லது 70,000 துணுக்கு வேகம்.

2001ஆம் ஆண்டு முதல் மேலூர் பக்கத்துக் கிராமங்களில் இந்த முறையில் இன்டர்நெட் நிலையங்கள் நடந்தன. அவற்றை நடத்தியவர்கள் பட்டணத்து இன்ஜினீயர்கள் அல்ல. உள்ளூர்க்காரர்கள். பெண்களும் அதில் இருந்தார்கள். ஊராருக்காக மின் அஞ்சல் அனுப்பினார்கள்.

அவர்களுக்கு வந்தது முசிறிக்காரர்களுக்கு வராதா?

செய்யவேண்டியது என்ன?

முசிறியிலிருந்து திருச்சி சுமார் 40 கிலோமீட்டர். ஒரு எந்திரம் மவுனமாகிவிட்டால் அங்கிருந்து ஆள் வரவேண்டும். வருவதற்கு ஒரு நாளோ, இரண்டு நாளோ ஆகலாம். வெட்டிய வாழைத்தார் அதுவரை காத்திருக்குமா? அறுத்த நெல் மழைக்குக் காத்திருக்குமா? வந்த ஆள் ஒரே நிமிடத்தில் 2,400ஐ 9,600 என்று மாற்றிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போவார். அவர் மேல் தவறு இல்லை. தெரிந்தவருக்குக் கூலி உண்டு. தெரியாமல் வைத்திருப்பதுதான் தவறு.

மூன்று காரியங்கள் செய்தால் போதும்.

ஒன்று: தராசோ, மோட்டார் பெட்டியோ, மோடமோ, எதை விற்றாலும், விற்பவர் தமிழில் ஒரு பக்கச் சீட்டுக் கொடுக்கவேண்டும். என்ன வேகம்? ஏழு துணுக்கா, எட்டா? பிழை பார்க்கும் துணுக்கு உண்டா? முடிவு அடையாளம் எத்தனை? எந்த ஊசிக்கு எந்த வயர்? இவ்வளவுதான். அரைப் பக்கம்கூட ஆகாது. ஆங்கிலத்தில் நூறு பக்கப் புத்தகம் கொடுப்பதைவிட இந்த அரைப் பக்கம் மேல்.

இரண்டு: வாங்குபவர் அந்தச் சீட்டைப் பெட்டியோடு தூக்கி எறியக்கூடாது. எந்திரத்தின் பக்கத்தில் ஒட்டி வைக்கவேண்டும். யாராவது கணக்கை மாற்றினால் தேதியோடு எழுதி வைக்கவேண்டும். வீட்டுக் கணக்கு எழுதும் குடும்பத் தலைவிகளுக்கு இது புது வேலை அல்ல.

மூன்று: ஐ.டி.ஐ.களிலும் கல்லூரிகளிலும் இதைக் கையால் செய்யக் கற்றுக் கொடுக்கவேண்டும். லட்ச ரூபாய்ச் சாமான் வேண்டாம். இரண்டு பழைய கம்ப்யூட்டர். குறுக்கே மாற்றிக் கட்டிய ஒரு வயர். அதாவது, இதன் வாய் அதன் காதுக்கும், அதன் வாய் இதன் காதுக்கும் போகும்படி கட்டியது. ஒரு மாணவன் இந்தப் பக்கம் "வணக்கம்" என்று தட்டவேண்டும். அந்தப் பக்கம் "வணக்கம்" வரவேண்டும். பிறகு ஆசிரியர் வேகத்தை மாற்றிக் கெடுக்கட்டும். மாணவன் கண்டுபிடித்துச் சரி செய்யட்டும். ஒரு மணி நேரத்தில் கற்ற அந்தப் பாடம் ஆயுள் முழுவதும் மறக்காது.

தமிழில் முடியுமா?

"டி.டி.ஆர்., சி.டி.எஸ். என்றெல்லாம் இருக்கிறதே, தமிழில் எப்படிச் சொல்வது?" என்று தயங்கவேண்டாம்.

ரெயில்வே போர்ட்டருக்கு "லைன் கிளியர்" என்ற சொல்லை யார் அகராதி பார்த்துச் சொல்லிக் கொடுத்தார்கள்? வயர்மேனுக்கு "பேஸ்", "நியூட்ரல்" எப்படித் தெரிந்தது? கை பழகியது, சொல்லும் பழகியது. நல்ல தமிழ்ச் சொல் கிடைத்தால் அதை வைத்துக்கொள்ளலாம். கிடைக்கும்வரை வந்த சொல்லை வைத்து வேலையைத் தொடங்கலாம். சொல்லுக்காக அறிவைக் காக்க வைக்கக் கூடாது.

ஊருக்குள் எந்திரங்கள் வந்துவிட்டன. இன்னும் வரும். அவற்றை வாங்குவதற்கு மட்டும் பழகினால், ஒவ்வொரு தடவையும் வெளியூர் ஆளின் வருகைக்காகக் காத்திருக்கவேண்டும். அவை எப்படிப் பேசுகின்றன என்று தெரிந்துகொண்டால், முசிறியிலேயே பத்துப் பேருக்கு அது பிழைப்பாகும். எடை போடுகிறவருக்கும், எடைக்குக் கொடுக்கிறவருக்கும் நம்பிக்கை வரும்.

தயாரா என்று கேள். பதில் வந்த பிறகு பேசு. எதிரி "போதும்" என்றால் நிறுத்து. முடிந்ததும் போனை வை!

எந்திரத்துக்கு மனிதன் கற்றுக் கொடுத்த பாடம் இது. அதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுப்பதற்குத் தடை என்ன?